குறைகள் நேரில் சொல்லப்படும்

கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் ஒரு பலகை நட்டோம். அதிலிருந்த எழுத்து என்னுடையது. "நன்றாகப் பராமரிக்கப்பட்ட சிறிய பாய்மரப் படகு விற்பனைக்கு. உள்ளே இருவர் படுக்கலாம். அடுப்பு உண்டு. குறைகள் நேரில் சொல்லப்படும்."

கடைசி வரி வேண்டாம் என்று என் கணவர் சொல்லவில்லை. படித்துவிட்டு மிகுந்த திருப்தியோடு தலையை ஆட்டினார். அந்தத் திருப்தியைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கு, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் மட்டும் அது வருவதில்லை. அந்த வரி இருக்கும்வரை படகு விற்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அப்போது என் மகளுக்கு நாலு வயது. கணவர் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் குமாஸ்தா. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். சாமான்கள் படகில் ஏறி ஆற்றுக்குள் வரும். எது வந்தது, எது வரவில்லை என்று எழுதி வைப்பது அவர் வேலை. துறைமுக வேலைக்காக வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஓர் இன்ஜினீயர் தனக்கென்று ஒரு சின்னப் பாய்மரப் படகு வைத்திருந்தார். மீன் பிடிக்க அல்ல, சரக்கு ஏற்றவும் அல்ல. ஞாயிற்றுக்கிழமையில் சும்மா போய்விட்டு வர. இதை முதலில் கேட்டபோது எனக்குப் புரியவில்லை. எங்கே போய்விட்டு வர என்று கேட்டேன். "எங்கயுமில்ல. போயிட்டு வரதுதான்" என்றார் கணவர். இரண்டு வருடம் அந்தத் துரையோடு ஞாயிறுதோறும் இவரும் போய்விட்டு வந்தார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவர் திரும்பும்வரை வாசற்படிதான்.

துரை வேலை முடிந்து ஊருக்குத் திரும்பினார். போகும்போது படகை இவர் பொறுப்பில் விட்டார். மார்ச் முடிவதற்குள் விற்றுப் பணத்தை அனுப்ப வேண்டும். யாரும் வாங்காவிட்டால் இவரே வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் தர வேண்டாம். இவர் வீட்டுக்கு வந்து சொன்ன முகத்தை நான் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தில்கூட அந்த முகம் இல்லை.

"படகு நம்முளுதா ஆயிட்டா, பாப்பாவக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கடலுக்குப் போவலாம்" என்றார்.

"உங்களுக்கு நீந்தத் தெரியாதேங்க."

"நீந்தத் தெரிஞ்சா படகு எதுக்கு?"

இதற்குப் பதில் எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தோன்றியது. அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருந்தது.

நான் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடுகிறேன். பாப்பா புளியங்கொட்டையை விழுங்கிவிட்டாள் என்று இரண்டு நாள் தூங்காமல் இருந்தவள். மூன்றாம் நாள் அந்தக் கொட்டை அலமாரிக்கு அடியில் கிடைத்தது. கொதிக்க வைத்த தண்ணீரை, கொதித்ததா என்ற சந்தேகத்தில் மறுபடி கொதிக்க வைப்பவள். சிதம்பரத்தில் காலேஜில் படித்தவள் என்று எங்கள் தெருவில் மரியாதை உண்டு. படித்ததால் எனக்குக் கிடைத்த பலன் ஒன்றுதான். மற்ற அம்மாக்கள் நாலு ஆபத்தை நினைத்துப் பயந்தால், நான் நாற்பதை நினைத்துப் பயப்படுவேன்.

ஆனால் "வேண்டாம்" என்று கணவரிடம் சொல்லும் தைரியம் மட்டும் வரவில்லை. அவர் எதையும் கேட்காத மனிதர். சினிமா கேட்கமாட்டார், சிகரெட் கிடையாது. ஒரே ஒரு ஆசையை எடுத்து வெளியே வைக்கிறார், அதன் மேல் நான் எப்படி உட்காருவது? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். துரை முதலில் சொன்னது விற்கச் சொல்லித்தான். ஒப்புக்கொண்ட காரியத்தை முடிப்பது கடமை. ஆகவே, மார்ச் முடிவதற்குள் அந்தப் படகை நான் விற்றே தீருவேன். மகளும் பிழைப்பாள், கடமையும் நிறைவேறும், மனைவி மறுத்தாள் என்ற பேச்சும் வராது. இவ்வளவு சாமர்த்தியமான யோசனை என் வாழ்க்கையில் அதற்குமுன் வந்ததில்லை; அது தப்பாகப் போகும் என்பதற்கு அதுவே அடையாளமாக இருந்திருக்க வேண்டும்.

துரை நாலு பக்கம் இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்திருந்தார், படகை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று. கணவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். துவைக்கும்போது நான் எடுத்துப் படித்தேன். படித்ததுதான் வினை. எழுதி வைத்த ஒன்றை மீறுவது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே முடியாத காரியம். பாய்களை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். பித்தளைச் சாமான்களை வாரம் ஒருமுறை துலக்க வேண்டும். அடியில் ஊறும் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை இறைக்க வேண்டும். உள்ளறையைத் திறந்து காற்றாட விட வேண்டும். தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு தாளாகக் குறித்து வைத்தேன். கணவர் ஆபீஸ் போனபின் பாப்பாவை வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போவேன். படகு படித்துறையில் கட்டியிருக்கும். கட்டியிருக்கும் படகில் எனக்குப் பயமில்லை. அது நம் வீட்டில் இன்னோர் அறை போலத்தான், கொஞ்சம் ஆடும்.

புளி போட்டுப் பித்தளையைத் துலக்கினேன். அடுப்பின் திரியை மாற்றினேன். கரப்பான் பூச்சி வராமல் உள்ளறையில் நாப்தலின் உருண்டை வைத்தேன். பெரிய பாயை மொட்டை மாடியில் உலர்த்தியபோது வீட்டுக்கார அம்மா மேலே வந்து பார்த்தாள்.

"யாரு வேட்டிம்மா இது, இம்மாம் பெருசு?"

"படகுப் பாய்ம்மா."

"நீ எதுக்குத் தொவைக்கிற?"

"விக்கிறதுக்கு."

"விக்கிற மாட்டுக்கு யாருடி வைக்கோல் ஜாஸ்தி போடுவாங்க?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். யோசித்துப் பார்த்தால் அன்று நான் சும்மா இருந்திருக்க வேண்டும். காற்று வந்து படகைக் கொண்டு போயிருந்தால் என் பிரச்சினை அன்றோடு முடிந்தது. யாரும் யாரையும் குறை சொல்லவும் முடியாது. நான் என்ன செய்தேன்? குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூன்றாம் பக்கத்தில் சொல்லியிருந்தபடி இன்னும் இரண்டு கயிறு போட்டுக் கட்டினேன். குடை ஆற்றோடு போய்விட்டது. படகு பத்திரமாக இருந்தது. இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல்.

இதில் இன்னொரு விபரீதம். படகு பளபளக்கப் பளபளக்க கணவருக்கு அதன்மேல் ஆசை கூடியது. சாயங்காலம் வந்து பித்தளையில் முகம் பார்த்துவிட்டு, "துரைகூட இப்பிடி வெச்சிக்கல" என்பார். என்னைப் பாராட்டுகிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும். வீட்டுக்கு வந்தபின்தான் என் சந்தோஷம் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று உறைக்கும்.

தை பிறந்ததும் வாங்க ஆட்கள் வந்தார்கள். முதலில் நெல்லிக்குப்பத்துப் பக்கம் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஒருவர். தோப்பில் பெரிய குளம் வெட்டியிருக்கிறார், அதில் விட வேண்டுமாம். எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு. குளத்தில் யார் மூழ்கப்போகிறார்கள்? காப்பி கொடுத்தேன். அவர் படகைச் சுற்றிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது. கொற ஏதாச்சும் உண்டா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

நான் இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். பலகையில் வாக்குக் கொடுத்துவிட்டேன் அல்லவா. பதினோரு குறைகள், நான் கண்டதும் கணவர் சொல்லக் கேட்டதுமாக, வரிசை எண்ணோடு, நல்ல கையெழுத்தில். படித்துக் காட்டினேன். ஆறாவது குறைக்கு வரும்போது அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். ஒன்பதாவதற்குச் செருப்பை மாட்டினார்.

"ஏம்மா, நீங்க விக்கிறீங்களா, வேணாங்கிறீங்களா?" என்றார் போகும்போது.

கணவர் அன்று இன்னொரு டம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்து வந்தவர் பக்கத்துக் குப்பத்துக்காரர், மூன்று படகு வைத்திருப்பவர். அவரிடம் குறைகளைச் சொல்லும் அவசியமே வரவில்லை. அவர் படகில் ஏறி, உள்ளறையைத் தட்டிப் பார்த்து, "இந்த ரூம அறுத்துக் கடாசிட்டா மீன் கொட்ட எடமாவும். வெலயச் சொல்லும்மா" என்றார்.

என் மகளின் உயிர் காப்பாற்றப்பட்டுவிட்டது. விலையைச் சொன்னால் போதும். ஆனால் அந்த அறையின் கதவுக்கு முந்தின வாரம்தான் வார்னிஷ் அடித்திருந்தேன். மூன்று பூச்சு, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் ஒருநாள் காயவைத்து. "அறுக்கிறதா இருந்தா குடுக்கறதில்லைங்க" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான். அவர் என்னையும் பார்த்தார், என் கணவரையும் பார்த்தார். கணவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் இலேசாகக் குலுங்கியது.

இப்படியே மாசியும் பிறந்தது. நான் ஒரு கையால் விற்றுக்கொண்டும் மறு கையால் பிடித்துக்கொண்டும் இருந்தேன். காலண்டரில் தாள்கள் குறையக் குறைய எனக்குக் கனவெல்லாம் தண்ணீர்.

பரங்கிப்பேட்டைக்காரர் வந்தது அப்போதுதான். அறுபது வயதிருக்கும். மலேயாவில் கடை வைத்திருந்து, குடும்பத்தோடு ஊர் திரும்பி இரண்டு வருடம் ஆனவர். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, கையில் குடை. பலகைக்கு முன்னால் நின்று இரண்டு முறை படித்தார்.

"யாரு எழுதினது இத?" என்று கேட்டார்.

"எங்க வீட்லதான் பாய்" என்றார் கணவர், பழியை ஒப்படைப்பது போல.

"நாப்பது வருசமா வாங்கி வித்துக்கிட்டு இருக்கேன். கொறய முன்னாடியே சொல்றேன்னு எழுதிப்போட்ட ஆள இப்பதான் பாக்குறேன். சொல்லுங்க தங்கச்சி."

நான் படித்தேன். பதினொன்றையும் முழுசாகக் கேட்ட முதல் மனிதர் அவர். நடுவில் ஒருமுறை மட்டும், "மூணாவத மறுபடி சொல்லுங்க" என்றார். கேட்டு முடித்துப் படகில் ஏறினார். பலகைகளை விரல் கணுவால் தட்டினார், கயிறுகளை மூக்கருகே வைத்து முகர்ந்தார், அடித்தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பா, மழைத்தண்ணியா என்று பார்க்கிறாராம். எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று வருத்தமாக இருந்தது. நாலு பக்கத்தில் எங்கேயும் அது இல்லை.

"எங்க வூட்ல மலேயாவுல ஆத்தோரமா வளந்தவங்க. இங்க வந்து நாலு செவுத்துக்குள்ள கெடக்குறாங்க. பிச்சாவரம் பக்கம் காவாயில காத்தாடக் கூட்டிப் போவலாம்னு பாக்குறேன். பேரப்புள்ளைங்களும் வரும்." சொல்லிவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினார். "எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு தம்பி. சரக்குப் படகுன்னா விக்கிறவன் மட்டும் ஏறி ஓட்டிக் காட்டுனா போதும். குடும்பம் ஏறுற படகுன்னா, விக்கிறவன் பொண்டாட்டி புள்ளயோட ஏறி ஒருதரம் போயிட்டு வரணும். நான் கூட இருப்பேன். கறந்த பால விக்கிறவன் ஒரு வாய் குடிச்சிக் காட்டுறதில்லையா, அதுமாரி."

கணவர் என்னைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன்.

நினைத்துப் பாருங்கள். பாப்பா அந்தப் படகில் ஏறக்கூடாது என்பதற்காகத்தான் நான் ஆறு மாதம் அந்தப் பாடு பட்டது. ஏற்றினால் விற்கும். ஏற்றாவிட்டால் விற்காது, விற்காவிட்டால் ஞாயிறுதோறும் ஏறுவாள். கணக்கில் எனக்கு எப்போதும் நல்ல மார்க்குதான். ஒருமுறை ஏறுவது, வருடத்துக்கு ஐம்பத்திரண்டு முறை ஏறுவதைவிடக் குறைவு. இதை ஒரு ராத்திரி முழுக்கப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். விடை மாறவில்லை.

"ஞாயித்துக்கெழம காலைல வாங்க" என்று சொல்லியனுப்பினோம். பஞ்சாங்கத்தில் ஏதாவது தடை இருக்குமா என்று தேடினேன். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் சாயங்காலத்தில். பஞ்சாங்கமும் என்னைக் கைவிட்டது.

அன்று காலை நான் செய்த காரியத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் கிணற்றில் நீச்சல் பழகும்போது முதுகில் காலி டின்னைக் கட்டிவிடுவார்கள், மூழ்காது. நான் எண்ணெய் டின் இரண்டை எடுத்து, வாய்க்கு ஈயம் வைத்து அடைத்து, பாப்பாவின் பட்டுப் பாவாடைக்கு மேல் முதுகில் ஒன்றும் மார்பில் ஒன்றுமாகக் கட்டினேன். தலை வாரிப் பூ வைத்து, கண்ணுக்கு மையிட்டு, வந்தவர் மதிக்கும்படி சுத்தமாகத்தான் கூட்டிப் போனேன். படித்துறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தபோதுகூட பூவைப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பரங்கிப்பேட்டைக்காரர் குடையை மடக்கிவிட்டுக் குழந்தையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"தங்கச்சி, நீங்க விக்கிறது படகா, டின்னா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் படகை நம்பலாம் என்று காட்ட வந்தவள், நம்பவில்லை என்று குழந்தையின் முன்னும் பின்னும் எழுதி ஒட்டிக் கூட்டி வந்திருக்கிறேன். அவிழ்க்கலாம் என்று குனிந்தேன். அவிழ்த்தால் மூழ்குவாளே என்று நிமிர்ந்தேன். இரண்டு மூன்று முறை குனிந்து நிமிர்ந்திருப்பேன். பாப்பா இரண்டு கையாலும் டின்னைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும், ஏறுங்க" என்றார் அவர்.

கட்டை அவிழ்த்ததும் படகு வேறு படகாகிவிட்டது. அதுவரை என் பேச்சைக் கேட்டு நின்ற அறை, கரையை விட்டு நகர்ந்து, யாரோ கூப்பிட்டது போலப் போகத் தொடங்கியது. நான் பாப்பாவை மடியில் இறுக்கி, உள்ளறைக் கதவோரம் உட்கார்ந்தேன். அவள் மார்பு டின் என் விலா எலும்பில் குத்தியது. இரண்டாம் பக்கத்தில் படித்தது நினைவுக்கு வர, "அந்தச் சின்னப் பாய்க் கயிறு தேஞ்சிருந்துச்சே, பாத்தீங்களா?" என்று கணவரிடம் கத்தினேன்.

"நேத்தே மாத்திட்டேன்" என்றார் அவர், என் பக்கம் திரும்பாமல்.

அவரை அப்போதுதான் கவனித்தேன். வீட்டில் குளிக்கப் போனால் துண்டு எங்கே என்று தினமும் கேட்பார். அது தினமும் அதே கொடியில்தான் இருக்கும். அந்த மனிதர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் தண்ணீரைப் பார்த்தார். அங்கே தண்ணீரின் நிறம் கொஞ்சம் கறுத்தது. "காத்து வருது, சாயும், பயப்படாத" என்றார். அவர் சொல்லி முடித்துப் பத்து எண்ணும் நேரம் கழித்துத்தான் காற்று வந்தது. படகு சாய்ந்தது. என் பக்கத்து விளிம்பு தண்ணீரைத் தொடப் போனது.

நான் அலறியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. வாங்க வந்தவரைப் பார்த்து, "இதாங்க நாலாவது கொற" என்றேன். உயிர் போகிற நேரத்திலும் வாக்குத் தவறவில்லை.

அவர் வெகு நேரம் சிரித்தார். குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "எல்லாப் படகும் சாயும் தங்கச்சி. சாயாட்டி அது படகில்ல, கரையில நட்ட தூணு" என்றார். பிறகு ஒவ்வொன்றாக விசாரித்தார். நங்கூரம் போட்டால் சுற்றுகிறது என்று எழுதியிருந்தேன்; எல்லாப் படகும் சுற்றும். கயிறு ராவெல்லாம் முனகுகிறது என்று எழுதியிருந்தேன். நல்ல கயிறு முனகும். மூன்று நாளில் இரண்டு சொம்புத் தண்ணீர் ஊறுகிறது. மரப்படகு என்றால் அவ்வளவாவது ஊற வேண்டும், ஊறாவிட்டால்தான் மரம் காய்ந்து வெடிக்கும். பதினொன்றில் நாலு கழிந்தது. நான் ஆறு மாதமாகப் படகின் குறை என்று எழுதி வைத்திருந்ததில் இந்த நாலும், அது படகாக இருப்பதுதான்.

முகத்துவாரம் தெரிந்தது. அதற்கு அப்பால் கடல், வெயிலில் தகரம் போல. பாப்பா என் மடியிலிருந்து நழுவிக் கணவரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது போனாள் என்று எனக்குத் தெரியாது. "அப்பா, அங்க போவலாம், அங்க" என்றாள். கணவர் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார் அவ்வளவுதான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாமென்று. அவர் உடனே சுக்கானைத் தள்ளிப் படகைத் திருப்பினார். பாய் தலைக்கு மேல் படபடவென்று அடித்து மறுபக்கம் போய் நின்றது.

கரையேறியதும் பரங்கிப்பேட்டைக்காரர் வெற்றிலைத் தட்டில் வைத்து அச்சாரம் கொடுத்தார். நாங்கள் சொன்ன விலைக்குக் குறைத்துக் கேட்கவில்லை. "எம் மவனுவொ ரெண்டு பேரு வந்து ஓட்டிக்கிட்டுப் போவானுவொ" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன். நாற்பது ஆபத்தில் ஒன்று ஒழிந்தது. கணவர் படகிலேயே குனிந்து ஒரு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டினதை அவிழ்த்து மறுபடி சுருட்டினார். அந்தக் கயிறு அவ்வளவு நீளமில்லை. அடிக்கடி அதை நான்தான் சுருட்டுவேன், எனக்குத் தெரியும்.

"இவுங்களே கொண்டாந்து விட்டுடுவாங்க" என்று கணவரைக் காட்டிச் சொன்னேன்.

சொன்னபின் அதைத் திரும்ப எடுக்கலாமா என்று பார்த்தேன். கணவர் நிமிர்ந்துவிட்டார். கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை, கடலில். ஆற்றில் அல்ல. துரையோடு போனபோதுகூட அவ்வளவு தூரம் போனதில்லை.

"எம் மவன் ஒருத்தன் தொணைக்கு வருவான்" என்றார் பரங்கிப்பேட்டைக்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

வீட்டுக்கு நடக்கும்போது கணவர் மெதுவாகக் கேட்டார். "பாப்பாவும் வரட்டுமா? ஒரேதரம். அப்புறம் படகு ஏது?"

அவர் என்னிடம் கேட்ட இரண்டாவது விஷயம் அது. "பாப்பா எங்கூட ரயில்ல வருவா. சிதம்பரத்துல அக்கா வீட்ல இருக்கோம். நீங்க படக விட்டுட்டு பஸ் புடிச்சு அங்க வந்துடுங்க" என்றேன். அவர் சரி என்றார். உடனே சரி என்றதால் எனக்கு இரண்டு நாள் மனசு ஆறவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் செய்தது சரி என்று நிம்மதியாக இருந்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு விடியும்போது அவர் புறப்பட்டார். நானும் பாப்பாவும் முதுநகரில் பாசஞ்சர் ஏறினோம். கிழக்குப் பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன், கடல் தெரியும் என்று. சவுக்குத் தோப்புதான் தெரிந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது எழுந்து நின்று கழுத்தை நீட்டினேன். யாரோ வலை வீசிக்கொண்டிருந்தார். படகுப் பாய் எதையும் காணோம். இவ்வளவு சீக்கிரம் வரமுடியாது என்று புத்திக்குத் தெரியும். புத்திக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்.

பாப்பா என்னோடு பேசவில்லை. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், பேசவில்லை.

அக்கா வாசலிலேயே ஆரம்பித்தாள். "கட்டுனவரக் கடல்ல வுட்டுட்டு, கருவாடு வாங்க வந்தவ மாரி வந்து நிக்கிற?"

"தொணைக்கு ஆள் இருக்குக்கா."

"நீச்சத் தெரியுமா அவருக்கு?"

"தெரியாது."

"அந்த ஆளுக்கு?"

அதைக் கேட்டுக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்பது ஆபத்தை யோசித்தவள் நாற்பத்தொன்றாவதை விட்டுவிட்டேன். மத்தியானம் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். கோயில் பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மூன்று மணி, நாலு மணி. அவரை அனுப்பியது நான்தான், அவராகக் கேட்கக்கூட இல்லை. என்ன ஆனாலும் என் தலையில்தான். பாப்பாவைக் கூட அனுப்பாததாவது சரி என்று நினைப்பேன். அடுத்த நிமிஷம், அவள் கூட இருந்தால் அவர் இன்னும் ஜாக்கிரதையாகப் போயிருப்பாரே என்று தோன்றும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தெருக்கோடியில் வந்தார். மூக்கும் நெற்றியும் வெந்து கறுத்திருந்தன. உதடு வெடித்திருந்தது. ஒரு காலில் செருப்பில்லை. பாப்பா ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அக்கா இலை போட்டாள். அவர் சாப்பிட்டார். நான் ரசத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"காத்து நல்லா இருந்துச்சு" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "வெள்ளாத்து மொகத்துவாரத்துல அல தூக்கிச்சு. ரெண்டு மணி நேரம் வெளியவே நின்னோம். பயந்துட்டேன்" என்றார்.

இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"நல்ல வேள, பாப்பாவக் கூட்டிப்போவல" என்றார், இலையைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு அப்படியே உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் என் பயம் சரியென்று ஒருவர் சொல்லிவிட்டார், அதுவும் கடலிலிருந்து வந்து. ரசம் ஊற்றினேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். பாப்பா அவர் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டாள்.

அடுப்படியில் அக்காவிடம் சொன்னேன், பெருமையாகவே சொன்னேன்.

"அவரு பயந்தாராமா?" என்றாள் அக்கா, பாத்திரத்தை அலம்பிக்கொண்டே. "வரும்போது மூஞ்சியப் பாத்தியா? தேர் இழுத்துட்டு வந்தவர் மாரி பூரிச்சு இருந்துச்சு. ஒனக்காகச் சொல்லியிருப்பாருடி."

அவ்வளவுதான். கைக்கு வந்தது போயிற்று. உண்மையிலேயே பயந்தாரா, என்னைத் தேற்றச் சொன்னாரா? பயந்திருந்தால் நான் செய்தது சரி. ஆனால் அவருடைய ஒரே பயணம் பயத்தில் கழிந்திருக்கிறது. பயப்படவில்லை என்றால் பாப்பாவும் போயிருக்கலாம். ஆனால் அவர் சந்தோஷமாகப் போய்விட்டு வந்திருக்கிறார். எது நடந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன் என்பதே தெரியவில்லை.

கேட்டுவிடுவது என்று கூடத்துக்குப் போனேன். தோளைத் தொட்டு எழுப்பினேன். வெயிலில் சிவந்த கண்ணைத் திறந்து, "என்னா?" என்றார். பாப்பாவும் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன். "மூஞ்சிக்குத் தேங்கா எண்ண தடவட்டுமா?"

சரி என்று தலையை ஆட்டினார். அக்காவிடம் எண்ணெய்க் கிண்ணம் வாங்கி வந்து தடவினேன்.